முப்பத்தாறு கொள்கைகளை வாசித்தவர்

டில்லார்ட் ஐயாவை நல்லவர் என்று சொல்லாத ஆள் ஸ்கார்ஹோமில் ஒருவரும் கிடையாது. நான் ஒருவன்தான் சொன்னதில்லை. இருபத்தேழு வருடம் அவருடைய மேடைக்குக் கீழே உட்கார்ந்து, அவர் ஜெபத்தை முடிக்கும்போதெல்லாம் ஆமென் போட்டவன் நான். ஞாயிற்றுக்கிழமை கோயில்பிள்ளை, மற்ற நாளில் செருப்புத் தைப்பவன். பெயர் ஜேபஸ் கீல். அவர் பூட்ஸை நான்தான் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஊரில் எல்லோருக்கும் குதிகால் தேயும், இவருக்கு மட்டும் முன்நுனி தேய்ந்து வரும். யாரைப் பார்த்தாலும் முன்னால் குனிந்து நின்றே பழகிப்போன மனுஷன்.

அவர் எங்களுக்கு உதவிப் பாதிரியார். உதவி என்றால் எல்லா வேலையும் அவருடையது என்று அர்த்தம். குழந்தைக்கு ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம், காய்ச்சல்காரன் வீட்டில் ஜெபம், எல்லாவற்றுக்கும் அவர்தான். உண்மையான பங்குப் பாதிரியார் வின்யார்ட் என்று ஒரு பெரியவர். பாத் நகரத்து வெந்நீர் ஊற்றில் மூட்டுவலிக்காகப் போய் இறங்கினவர், அங்கேயே தங்கிவிட்டார். நான் அவரை இரண்டே முறை பார்த்திருக்கிறேன். ஆனால் எங்கள் ஊர் விளைச்சலில் பத்தில் ஒரு கட்டு, பத்தில் ஒரு பன்றிக்குட்டி, பத்தில் ஒரு ஆட்டுக்குட்டியின் கம்பளி, எல்லாம் தசமபாகம் என்று அவருக்குத்தான் போனது. அவர் ஊராரின் ஆத்துமாவை மேய்க்கவேண்டியவர். மேய்ந்ததுதான் மிச்சம். அதில் ஒரு துண்டைக் கிள்ளி டில்லார்டுக்கு எறிவார். அதை வைத்து மனைவியையும் நான்கு பெண்களையும் காப்பாற்ற வேண்டும்.

இந்த ஏழை மனுஷன் ஏன் வேறு ஊர் பார்த்துப் போகவில்லை என்று கேட்பீர்கள். காரணம், ஒரு வாத்துக்கறி விருந்து. எங்கள் கோயிலுக்கு யாரைப் பாதிரியாராக வைப்பது என்கிற உரிமை, பெரிய வீட்டுத் துரை சர் ஜெர்வேஸ் பெல்லிங்குக்குச் சொந்தம். ஆற்றங்கரைக் காடு எப்படிப் பாட்டன் வழியில் வந்ததோ, அப்படியே இதுவும் வந்தது. டில்லார்ட் வந்த ஐந்தாவது வருடம் மிக்கேல் திருநாளுக்கு அவரை விருந்துக்குக் கூப்பிட்டார். நாலு கிளாஸ் உள்ளே போனதும், "பெரியவர் கண்ணை மூடினதும் இந்தக் கோயில் உனக்குத்தான் டில்லார்ட்" என்று சொல்லிவிட்டார். சொன்னவர் மறுநாள் காலையிலேயே மறந்திருப்பார். கேட்டவர் இருபத்திரண்டு வருடம் மறக்கவில்லை.

அந்த ஒற்றை வாக்கை நம்பித்தான் மண்வெட்டியை எடுத்தார். கோயிலுக்குப் பின்னால் முப்பது ஏக்கர் மானிய நிலம் இருக்கிறது, பங்குப் பாதிரியாரின் பிழைப்புக்கென்று விட்டது. அதில் பாதி சேறு. மாடு இறங்கினால் கயிறு போட்டுத்தான் இழுக்கவேண்டும். பெரியவர் அதை டில்லார்டுக்கே குத்தகைக்கு விட்டிருந்தார், வேறு எவனும் கேட்கவில்லை என்பதால். நான்கு குளிர்காலம் அந்த மனுஷன் முழங்கால் சேற்றில் நின்று வாய்க்கால் தோண்டி, சுட்ட மண்ணில் ஓடு செய்து பதித்துத் தண்ணீரை வடித்தார். விரலெல்லாம் வெடித்து, ஞாயிற்றுக்கிழமை அப்பம் பிட்கும்போது ரத்தம் கசியும்.

ஒரு நாள் நான் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டேன்.

"ஏங்கய்யா, யார் நிலம்னு இப்படி உசிரை விடுறீங்க?"

"கோயில் நிலம், கீல்."

"கோயில் நிலம்னா இன்னைக்குப் பெரியவர் நிலம். அவருக்கப்புறம் துரை யாரை நிறுத்துறாரோ அவர் நிலம். உங்க பேர் எங்க இருக்கு இதுல?"

"அதான் துரை சொல்லியிருக்காரே."

"எழுதிக் குடுத்தாரா?"

"பெரிய மனுஷங்ககிட்ட எழுதி வாங்குறது மரியாதையா இருக்காது, கீல்."

இதைச் சொல்லிவிட்டுத் திரும்பவும் குனிந்து தோண்ட ஆரம்பித்தார். எனக்கு அந்த மண்வெட்டியைப் பிடுங்கி எறிய வேண்டும்போல் இருந்தது.

சேறு வற்றியது. கோதுமை விளைந்தது. பெரியவர் எண்பதைத் தாண்டினார். அவருடைய உடல்நலத்துக்காக ஒவ்வொரு ஞாயிறும் ஜெபம் பண்ண வேண்டியதும் டில்லார்ட்தான். மனதார வேண்டிக்கொள்வார், அதுதான் கொடுமை. கீழே உட்கார்ந்து நான் ஆமென் போடுவேன். கேட்கிறவருக்கு எங்கள் இரண்டு பேரில் யாருடைய வேண்டுதல் கேட்டதோ, பெரியவர் எண்பத்து நாலு வரைக்கும் கெட்டியாக இருந்தார்.

பிரெஞ்சுச் சண்டை முடிந்து ஏழாவது வருடம், தோல் சுற்றி வந்த பழைய பத்திரிகையில் அந்த விளம்பரத்தைப் பார்த்தேன். லிங்கன் பக்கம் ஒரு கோயிலுக்கு அடுத்த பாதிரியாரை நியமிக்கும் உரிமை ஒரு முறைக்கு மட்டும் விற்பனைக்கு வருகிறது. இப்போதைய பாதிரியாருக்கு வயது எண்பத்து நாலு. வேலை குறைவு. வீடு பெரியது. பக்கத்திலேயே நல்ல வேட்டைநாய்க் கூட்டம் உண்டு. முப்பது ஏக்கர் மானிய நிலம், முழுவதும் சமீபத்தில் வடிகால் போட்டுத் திருத்தப்பட்டது.

அந்தக் கடைசி வரியைப் படித்ததும் எனக்கு வயிறு எரிந்தது. அவர் தோண்டிய வாய்க்காலைக் காட்டியே அவர் காலடி மண்ணுக்கு விலை ஏற்றியிருந்தார்கள். துரையின் மகன் லண்டனில் சீட்டாடித் தோற்றது ஊருக்கே தெரியும். காட்டை விற்கத் துரைக்கு மனசு வரவில்லை, கோயிலை விற்க வந்துவிட்டது. சட்டத்திலும் இடம் உண்டு. பாதிரியார் செத்துக் கோயில் காலியாகக் கிடக்கும்போது நியமனத்தை விற்றால் மகா பாவம், குற்றம். கிழவர் உயிரோடு இழுத்துக்கொண்டிருக்கும்போதே விற்றால் அது வெறும் வியாபாரம். இப்படி ஒரு சட்டத்தைப் போட்ட பிஷப்மார்களுக்கு மோட்சத்தில் எந்தப் பக்கம் இடம் போட்டிருக்கிறார்களோ.

பத்திரிகையை டில்லார்டிடம் காட்டினேன். "இது வேற ஊரா இருக்கும்" என்றார். பக்கத்தில் நின்ற அவர் மனைவி ஹெஸ்டர் அம்மா அதை வாங்கி ஒரு முறை படித்தார். கணவருடைய மேல்கோட்டை எடுத்து வந்து கையில் கொடுத்தார். "போய்க் கேட்டுட்டு வாங்க" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

நானும் கூடப் போனேன். துரையின் சவாரி பூட்ஸ் என்னிடம் தயாராக இருந்தது, சாக்குக் கிடைத்தது. துரை நாற்காலியில் உட்கார்ந்து காலை என்னிடம் நீட்டிக்கொண்டே பேசினார்.

"நான் சொன்னது நினைவிருக்கு டில்லார்ட். என் கையில இருந்தா உனக்குன்னு சொன்னேன். இப்ப என் கையில இல்லையே. ஹல் துறைமுகத்துல திமிங்கில எண்ணெய் விக்கிற ஒருத்தர் தன் அண்ணன் மகனுக்காக வாங்கிட்டாரு. ஒரு தடவைக்குத்தான். அடுத்த தடவை மறுபடி என்னுது."

அந்தப் பையனுக்கு இருபத்தைந்து வயது. அடுத்த தடவை வரும்போது டில்லார்டுக்குத் தொண்ணூறு ஆகியிருக்கும்.

"சரிங்க துரை. உங்க கஷ்டம் எனக்குப் புரியுதுங்க" என்றார் டில்லார்ட்.

துரைக்கு ஏதோ கஷ்டம் என்று அவர்தான் ஆறுதல் சொல்லிக்கொண்டு நின்றார். துரை என்னைப் பார்த்து, "இடது கால் கடிக்குதுப்பா" என்றார். கடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிப்ரவரியில் பெரியவர் போனார். மார்ச் மாதம் புதியவர் லயனல் க்ரே வந்து சேர்ந்தார். சிவந்த முகம், நல்ல குதிரை, ஐந்து நாய். கோயில் சாவியை வாங்கி உள்ளே போய் மணியடித்துப் பொறுப்பு எடுத்துக்கொண்டார். டில்லார்டை உதவிக்கு வைத்துக்கொள்கிறேன் என்றார், பாதிரியார் வீட்டிலேயே இருந்த அவர் குடும்பத்தையும் இப்போதைக்கு இருக்கவிட்டார். எண்ணெய்க்காரர் வீட்டுப் பிள்ளை என்றாலும் பழைய வழக்கம் விட்டுப்போகக் கூடாது என்று தசமபாகத்தை மட்டும் சரியாகக் கேட்டு வாங்கினார்.

இங்கேதான் ஒரு விஷயம். புதிதாக வருகிற பாதிரியார் எவரும், பொறுப்பேற்ற இரண்டு மாதத்துக்குள் ஒரு ஞாயிறு, சபை முன்னால் நின்று நம் திருச்சபையின் முப்பத்தொன்பது கொள்கைகளையும் தன் வாயாலேயே முழுக்க வாசித்து, இதையெல்லாம் நம்புகிறேன் என்று சொல்லவேண்டும். தவறினால் கோயில் அவருக்கு இல்லை, செத்துப்போன மாதிரிதான் கணக்கு. நோயில் படுத்தவருக்கு மட்டும் பிஷப் தவணை கொடுப்பார். இது எங்கள் பக்கம் கோயில்பிள்ளைகளுக்குப் பால்குடியிலிருந்தே தெரியும். என் அப்பாவும் கோயில்பிள்ளைதான்.

க்ரே ஒரு ஞாயிறு வேட்டையில் விழுந்து இடுப்பு வலி என்றார். ஒரு ஞாயிறு குதிரைப் பந்தயம் பார்க்கப் போன ஊரிலிருந்து திரும்பவில்லை. அப்படியே தள்ளித் தள்ளிக் கடைசி ஞாயிறு வந்தது. அன்றைக்கு வந்துவிட்டார். முந்தின நாள் நாய்களைப் பார்த்துக் கத்தியதிலோ, பிறகு குடித்ததிலோ, தொண்டை தகரம் மாதிரி இருந்தது. மூன்று கொள்கை வாசித்தார். நாலாவதில் இருமல் பிடித்தது. புத்தகத்தை டில்லார்ட் கையில் கொடுத்து, "நீங்க முடிச்சிருங்க டில்லார்ட்" என்று சொல்லிவிட்டு உடைமாற்றும் அறைக்குள் போய்விட்டார்.

டில்லார்ட் முடித்தார். மிச்சம் முப்பத்தாறையும், ஒரு வார்த்தை விடாமல், அழகான குரலில், நிறுத்தி நிறுத்தி வாசித்தார். நான் கீழே உட்கார்ந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தேன். புத்தகத்தை மூடிவிட்டு உட்கார்ந்திருந்தால் போதும். வாசிக்காமல் சும்மா நின்றிருந்தால்கூடப் போதும். இல்லை, வாசித்தார். ஆனால் அதனாலும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்று நினைத்தேன், ஏனென்றால் அவர் வாசித்தது செல்லாது. உரியவன் வாயால் வரவேண்டியதை ஊரான் வாசித்தால் காற்றுக்குப் போச்சு.

திங்கட்கிழமையோடு இரண்டு மாதம் முடிந்தது. செவ்வாய்க்கிழமை துரையே டில்லார்ட் வீட்டு வாசலுக்கு வந்து குதிரையை நிறுத்தினார். அவருடைய வக்கீல் சொல்லிக் கொடுத்திருக்கிறார். நான் அடுப்பங்கரை வாசலில் அவர் பெண்களில் ஒருத்தியின் செருப்புக்கு அளவு எடுத்துக்கொண்டிருந்தேன்.

"டில்லார்ட், அந்தப் பயல் வாசிக்கலை. கோயில் காலி. எண்ணெய்க்காரன் வாங்கின ஒரு தடவையும் தீர்ந்துபோச்சு. இப்ப மறுபடி என் கைக்கு வருது" என்றார் துரை. "காலியா இருக்கிறதை விக்கவும் முடியாது. எங்க வீட்டுல பாதிரியாருக்குப் படிச்சவன் எவனும் இல்லை. பிஷப் கேட்டா நடந்ததைச் சொல்லு, அது போதும். இந்தத் தடவை உனக்குத்தான். இதோ, எழுதியும் தரேன்."

உண்மையாகவே எழுதிக் கொடுத்தார். ஹெஸ்டர் அம்மா வாங்கி மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார். இருபத்திரண்டு வருடத்தில் அந்த அம்மா சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். மூத்த பெண் அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். வீடு, முப்பது ஏக்கர், அந்த வாய்க்கால், எல்லாம் ஒரு உண்மையைச் சொன்னால் கைக்கு வரும். பொய்கூட இல்லை, ஐயா, உண்மை. அதைவிடச் சுலபமாக எவனுக்கும் எதுவும் கிடைத்ததில்லை.

வியாழக்கிழமை க்ரே என்னையும் டில்லார்டையும் உடைமாற்றும் அறைக்குக் கூப்பிட்டார். மேசைமேல் ஒரு தாள். 'லயனல் க்ரே ஆகிய இவர், முப்பத்தொன்பது கொள்கைகளையும் சபை முன் முழுமையாக வாசித்ததை நாங்கள் காதால் கேட்டோம்.' கீழே இரண்டு கையெழுத்துக்கு இடம். கோயில் காரியஸ்தர் டாப்னி, பெரிய பண்ணைக்காரர், அவரும் நின்றிருந்தார்.

"போடு கீல்" என்றார் க்ரே.

"நான் கேட்டது மூணுங்க. நாலாவதுல பாதி. அதுக்கு வேணா போடுறேன்."

"உன் வேலை இருக்கணும்னு நினைப்பு இல்லையா?"

"செருப்பு கிழியாத ஊர் எங்கயும் இல்லைங்க ஐயா."

டாப்னி போட்டுவிட்டார். இனிமேல் தசமபாகத்துக்கு அவருடைய பன்றிக்குட்டிகளை எண்ண ஆள் வராது என்று அதற்கு முன்பே பேசி முடித்திருந்தது. மிச்சம் ஒரு இடம். க்ரே டில்லார்ட் பக்கம் திரும்பிக் குரலைக் குழைத்துக்கொண்டார்.

"உங்களை நம்பித்தானே புத்தகத்தைக் கையில குடுத்தேன், டில்லார்ட். நீங்களே என்னை மாட்டிவிட்டா ஊர் என்ன சொல்லும்? குழி தோண்டிட்டு இடத்தைப் பிடிச்சாருன்னு சொல்லாதா? நான் இருக்கிற வரைக்கும் இந்த வீடு உங்களுதுதான், இந்த வேலையும் உங்களுதுதான். ஒரு கனவானா வாக்குக் குடுக்கிறேன்."

டில்லார்டுக்கு முகம் வெளுத்துவிட்டது. நான் அவர் சட்டைக்கையைப் பிடித்தேன். "ஐயா, வேண்டாம். வீட்டுல அம்மா இருக்காங்க. நாலு பிள்ளை இருக்கு. நீங்க பேசாம வெளிய வந்துருங்க, அது போதும்" என்றேன். அவர் என் கையை மெதுவாக எடுத்துவிட்டார்.

"நான் வாசிச்சதாலதானே கீல் அவர் வாசிக்காம போனார்? இப்ப அதை வச்சே அவர் இடத்தை எடுத்துக்கிட்டா, அது நல்லா இருக்குமா?"

"யார் இடங்கய்யா? இருபத்தேழு வருஷம் யார் இடம் அது?"

அவர் பேனாவை எடுத்தார். குனிந்தார். அவருக்கு வரும் ஒரே வேலை அதுதானே. அழகான கையெழுத்தில் அம்ப்ரோஸ் டில்லார்ட் என்று போட்டு, மை காயும் வரை ஊதினார். நான் வெளியே வந்து சுவரில் துப்பினேன். கோயில் சுவர்தான், ஆனாலும் துப்பினேன்.

இப்படிப்பட்டவர்களை ஊர் சாது என்கிறது. வாய் கூசாமல் சொல்கிறேன், அது சாதுத்தனம் இல்லை. மேலே இருப்பவன் முகம் சுளிக்கக் கூடாது என்கிற பயம். அந்தப் பயத்துக்குக் கௌரவம் என்று ஒரு கோட்டு மாட்டிவிட்டுத் திரிகிறார்கள். வயிற்றில் ஈரத்துணி கட்டிக்கொள்வது என்னவோ வீட்டில் இருக்கிறவர்கள்.

நான் சும்மா இருக்கவில்லை. கூலியை விட்டு இரண்டு நாள் நடந்து லிங்கனுக்குப் போய் பிஷப்பின் செயலாளரைப் பார்த்தேன். அந்த ஆள் பெட்டியைத் திறந்து தாளை எடுத்துக் காட்டினார்.

"இந்தாப்பா, க்ரே போனா லாபம் யாருக்கு? இந்த டில்லார்டுக்கு. அவரே கேட்டேன்னு கையெழுத்துப் போட்டிருக்கார். அதை விட்டுட்டுச் செருப்புத் தைக்கிறவன் பேச்சைக் கேக்கவா?"

அவர் கேட்டதிலும் தப்பில்லை. திரும்பி வந்தேன். துரை அந்தக் கையெழுத்துச் சேதி தெரிந்ததும் டில்லார்டை முட்டாள் என்று நான்கு பேர் முன்னால் சொன்னாராம். அவர் வாயிலிருந்து வந்த முதல் நியாயமான வார்த்தை.

ஆகஸ்ட் மாதம், மானிய நிலத்தில் கோதுமை கதிர் முற்றித் தலை சாய்ந்து நிற்கிறது, க்ரே டில்லார்டைக் கூப்பிட்டார். க்ரேக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, பெண்வீட்டார் வீடு பார்க்க வருகிறார்கள். ஆறு வாரத்தில் காலி செய்ய வேண்டும், புதிய உதவிப் பாதிரியார் வருகிறார் என்று சொன்னார். பெரியவரோடு குத்தகையும் செத்துப்போனதால் பயிரும் போயிற்று. இந்தக் காரணத்தையெல்லாம் டில்லார்ட், சாமான் ஏற்றிக்கொண்டிருந்த நாளில்தான், என்னிடமும் மனைவியிடமும் சொன்னார். அதுவரைக்கும் காலி செய்யவேண்டும் என்பதற்கு மேல் அவர் வாயைத் திறக்கவில்லை.

ஹெஸ்டர் அம்மா வண்டியில் கடைசி மூட்டையைக் கட்டிக்கொண்டே கேட்டார். "வாக்குக் குடுத்தாரே, அதைக் கேட்டீங்களா?"

"கேட்டேன் ஹெஸ்டர். ஆனா அவர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கு."

"என்ன நியாயம்?"

"கேக்காததைக் கேட்டேன்னு கையெழுத்துப் போட்ட ஒருத்தர்கிட்ட இந்த ஊர் ஜனங்களோட ஆத்துமாவை எப்படி ஒப்படைக்கிறதுன்னு கேட்டாரு. அவருக்கு அது மனசாட்சி உறுத்துதாம்."

அந்த அம்மா கயிற்றை விட்டுவிட்டார். பெண்கள் நால்வரும் வண்டிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்று அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கையில் இருந்த நாற்காலியை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன்.

"யாருக்காக அந்தக் கையெழுத்துன்னு நீங்க திருப்பிக் கேக்கலையா?"

டில்லார்ட் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே சொன்னார்.

"எப்படி ஹெஸ்டர் கேக்கிறது? அவருக்குச் சங்கடமா இருக்காதா?"